தீட்டில்லாத கருவி

கீபோர்டுக்குச் சாதி உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஜப்பான்காரன் செய்து அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டிக்கு என்ன சாதி இருக்க முடியும்? இல்லைதான். ஆனால் அந்த 'இல்லை'தான் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்குள் நுழைய அதற்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு என்பது என் கட்சி. வழிபாட்டில் கீபோர்டு வாசிக்கலாமா கூடாதா என்று பக்திமான்கள் நடத்தும் வழக்கு வேறு. அது சினிமா மாதிரி இருக்கிறது, ஜெபிக்க விடமாட்டேன் என்கிறது, பாட்டு கேட்கவில்லை சத்தம்தான் கேட்கிறது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. தப்படித்த பரம்பரையில் வந்தவன் தப்பை வைத்துவிட்டுக் கீபோர்டை எடுக்கும்போது அவன் எதைச் செய்கிறான்? அவனைப் பார்த்து 'உன் மண்ணின் இசையை விட்டுவிட்டாயே' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

பேராவூரணி கடைமடை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1930களில் வந்த கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எங்களுக்கு வந்து சேரும்போது மேலே எல்லோரும் நடவை முடித்திருப்பார்கள். நெல்லுக்கு ஈடாகத் தென்னையை நம்பியிருந்த ஊர்கள் இவை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் சேரிக் கோயில், அதாவது பெரிய பங்குக் கோயிலின் கிளை, கூரையை இழந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன்களும் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் இரண்டு பேரும் பணம் போட்டார்கள். தகரம் மாற்றினோம். மிச்சக் காசில் பையன்கள் முதலில் வாங்கியது ஒரு யமஹா கீபோர்டு. வாசிப்பவன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

அவன் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். இடது கை மூன்று கட்டைகளை அமுக்கிப் பிடித்தால் போதும், பெட்டியே தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் போட்டுக்கொள்கிறது. எங்கள் கிழவிகள் பாட்டை எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் தொடங்குவார்கள். முன்பு ஆர்மோனியம் வாசிக்க வந்த உபதேசியார் அதற்குக் கண்ணை உருட்டுவார், பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்வார். இவன் கிழவியின் தொண்டை எங்கே நிற்கிறது என்று ஒரு வினாடி கேட்டுவிட்டு டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தட்டு தட்டுகிறான். கிழவியின் சுருதிக்குக் கருவி இறங்கிவருகிறது. எந்திரம் மனித உறவை அழித்துவிடும் என்று எழுதும் நண்பர்கள் ஒருநாள் வந்து இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. டோலக் தட்டிய இரண்டு பேர், ஜால்ரா போட்ட பெண்பிள்ளைகள், கைதட்டிய கூட்டம் எல்லாம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டன. ஒருவனே எல்லோருக்குமாக வாசிக்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். கரண்டு போனால் கோயிலே ஊமையாகிறது.

சித்தப்பா தப்படித்தவர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் தெருவில் கூடி, இனி ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்குத் தண்டனையாக ஒரு போகம் முழுக்க எங்கள் ஆட்களை யாரும் நடவுக்கும் கூப்பிடவில்லை, அறுப்புக்கும் கூப்பிடவில்லை. சாவுக்கு அடித்தால் களத்தில் அளந்து போடும் நெல்லுக்கு எங்கள் சீமையில் 'சுதந்திரம்' என்று பெயர். (தஞ்சாவூர்க்காரர்கள் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம்.) அந்தச் சுதந்திரத்தை விட்டுத்தான் எங்கள் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அந்தத் தப்பு இன்றும் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அதன் தோல் விட்டுப் போய்விட்டது.

இந்த வீட்டுப் பையனிடம்தான் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் நம் தோழர்கள் கேட்கிறார்கள், "ஏன் தம்பி, பறைய விட்டுட்டு இந்த டப்பாவ வாசிக்கிறீங்க?" அவன் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பஸ் ஏறிய பிறகு என்னிடம் கேட்டான், "அண்ணே, அவங்க வீட்டுப் புள்ளைக்கு என்ன வாங்கிக் குடுத்திருக்காங்க? பறையா, கீபோர்டா?"

இதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? இழிவென்று சுமத்தப்பட்ட வேலையை விடுங்கள் என்று மகாத்தில் 1927இல் அம்பேத்கர் மக்களிடம் பேசியபோது, செத்த மாட்டைத் தூக்குவதில் உள்ள கலை நுட்பத்தைக் காப்பாற்றுங்கள் என்று யாராவது குறுக்கே எழுந்து சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பறை செத்த மாட்டைத் தூக்குவது போன்றதல்ல, அது அறிவு, அது கலை என்பீர்கள். சரிதான். ஆனால் அதை அடிக்க வைத்த கையும் மாட்டைத் தூக்க வைத்த கையும் ஒன்றுதானே? பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். 'கிராமத்து ஆள்தானே, கிராமத்துக் கருவியோடு நின்றுகொள்' என்று அவரிடம் சொல்லியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்காதா? எங்கள் தெருப் பையனுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம்?

யார் எந்தக் கருவியை வாசிக்கலாம் என்பது நம் நாட்டில் ஒருபோதும் ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. எங்களுக்குத் தெற்கே இராமநாதபுரம் சீமையில் 1930இலும் 1931இலும் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, பிள்ளைகள் படிக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் கல்யாணத்துக்கு மேளம் வைக்கக்கூடாது என்பதும் ஒன்று. எங்கள் கல்யாணத்தில் மேளம் குற்றம். அவர்கள் சாவில் தப்பு கட்டாயம். இசையைப் பற்றிய இந்த இரண்டு விதிகளையும் ஒன்றாக வைத்துப் படிக்காமல் மண்ணின் இசை பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியக் கருப்பொருள் நடத்தினார்கள். தெய்வம், உணவு என்று வரும் அந்த வரிசையில் பறையும் உண்டு, யாழும் உண்டு. புறநானூற்றில் துடியன், பாணன், கடம்பனோடு பறையனும் குடியாக எண்ணப்படுகிறான். அதை நடத்திய பேராசிரியருக்குத் தொண்டை கம்மியது. அந்தத் தமிழ்ப் பெருமிதத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம்தான் வந்தது.

கிறித்தவத்துக்குள் வந்தால் இது மாறியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்துக்கு அருகே, மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி கட்டியது. அவர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியம் இருந்தது. அவரும் வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர்கள். 1774இல் பிறந்த சாஸ்திரியார் தமிழ்க் கிறித்தவப் பாட்டுக்குத் தகப்பன் போன்றவர். 1853இல் வெப் பாதிரியார் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டபோது அதன் முதுகெலும்பே அவர் பாட்டுகள்தான். அவர் பாட்டுகள் இன்றும் கோயிலில் கேட்கின்றன.

1820களின் இறுதியில் தஞ்சாவூருக்கு வந்த புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் பட்டியல் போட்டார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து அகற்றுகிறார்கள். இதுவரை அவர் பக்கம் நாமும் நிற்கலாம். அதே பட்டியலில் இன்னொரு கொடுமை, நற்கருணையில் சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள் என்பது! தமிழ்ப் பாட்டுக்காக அழுத அதே பேனா பறையரோடு ஒரே கிண்ணத்தில் குடிக்க மாட்டேன் என்றும் எழுதியது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூர் வேளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இதில் நம் சிக்கல் என்னவென்றால், தமிழிசையை விரட்டிய வெள்ளைக்காரன்தான் கிண்ணத்தை ஒன்றாக்கப் பார்த்தான். நம்மவர் இசை, அன்னியர் இசை என்று கோடு கிழிப்பவர்கள் 'நம்மவர்' என்ற சொல்லுக்குள் அன்று எங்கள் முப்பாட்டன் இருந்தானா என்று முதலில் சொல்ல வேண்டும்.

அன்னியக் கருவி என்பதற்காக எதுவும் இங்கே தடுக்கப்படவில்லை. வயலினைப் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கையில் எடுத்த பிறகு அது கர்னாடக சங்கீதக் கருவியாகவே ஆகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது, கமகம் பேசாது என்பதற்காக. 1971 வரை அந்த விலக்கு நீடித்தது. அந்த முப்பது வருஷமும் நாடகக் கொட்டகையிலும் சேரிக் கோயிலிலும் அதுதான் பாடியது. எந்தக் கை தொட்டது என்பதைப் பார்த்துத்தான் கருவி குளித்துக் கரையேறுகிறது அல்லது முங்கிப் போகிறது.

ரோமாபுரியின் சட்டங்களையும் பார்த்துவிடலாம். 1903இல் பத்தாம் பத்திநாதர் கோயில் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பியானோ கூடாது, முரசு, தாளம், மணி போன்ற இரைச்சல் கருவிகளும் கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கதவைக் கொஞ்சம் திறந்தது. குழலார்கனுக்குத்தான் முதல் மரியாதை, ஆனால் மற்றக் கருவிகளையும் தகுதி பார்த்துச் சேர்க்கலாம் என்றது. 1967இல் வந்த விளக்க ஆணை அந்தந்த மக்களின் பண்பாட்டைக் கணக்கில் கொள்ளச் சொல்லிவிட்டு, கூடவே, பொது வழக்கிலும் பொதுக் கருத்திலும் உலக இசைக்கு மட்டுமே உரியதாக இருக்கும் கருவியை விலக்கச் சொல்கிறது. பொதுக் கருத்து! எங்கள் ஊரில் தப்பைப் பற்றிப் பொதுக் கருத்து என்பது யாருடைய கருத்து? சாவுக்கு அடிக்கச் சொன்னவர்களின் கருத்து. அவர்களே அதைச் சாவுக் கருவியாக்கி, பிறகு சாவுக் கருவியைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள்.

1903இல் பெயர் சொல்லி விலக்கப்பட்ட இரண்டில் ஒன்று உள்ளே போய்விட்டது. எங்கள் யமஹாவைப் போட்டதும் முதலில் வருவதே 'கிராண்ட் பியானோ' டோன்தான். மற்றது இன்னும் கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

வேதத்தில் ஆதாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் எடுத்தது எபிரேய மொழியில் 'தோஃப்'. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய கைப்பறை அது. நூற்றைம்பதாம் சங்கீதத்திலும் அதே கருவிதான். எங்கள் தப்பும் சட்டத்தில் தோல் கட்டியதுதான், இரண்டும் ஒரே குடும்பம். பழைய தமிழ் வேதாகமம் இதற்குப் போட்ட சொல் 'தம்புரு'. அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு நினைவில் வருவது சபாவில் தந்தி மீட்டும் தம்புராதானே? அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் கரையேறி நின்று அடித்த பறை தமிழுக்கு வரும்போது சத்தமில்லாமல் தந்திக் கருவியாகிவிட்டது. மொழிபெயர்த்தவர்களின் உள்நோக்கம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் பறை என்றொரு சொல் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

இதையெல்லாம் எங்களுக்கு முன்பே யோசித்தவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியர், பாட்டுக்குப் 'பரட்டை'. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். நாட்டார் வழக்காற்றைச் சமூக மாற்றத்துக்கான கருவியாகப் பார்த்து 1986இல் புத்தகம் போட்டார். கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறையையே ஆக்கினார். கடவுளைப் பெற்றெடுத்தவராகப் பேச்சுத் தமிழில் கூப்பிட்டார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் தின்பதுதான் நற்கருணை என்றார். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அப்பாவுவின் வாதத்தில் எனக்குப் பிடித்தது மண்வாசனைப் பேச்சல்ல. நாட்டுப்பாட்டைப் பாடுகிறவளே மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டாம், வாத்தியார் வேண்டாம், அச்சடித்த சுரம் வேண்டாம் என்பதுதான் அவர் பிடி. கீர்த்தனையையும் ஆங்கிலப் பாமாலையையும் அப்படித் தொட முடியாது, தொட்டால் தப்பு என்பார்கள்.

இந்த உரைகல்லை வைத்து எங்கள் கீபோர்டை உரசிப் பார்த்தேன். பாதி தேறுகிறது, பாதி தேறவில்லை. கிழவிக்குச் சுருதி இறக்கும் பையனிடம் அப்பாவு சொன்ன சுதந்திரம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளங்களை வேறு யாரோ எங்கோ அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கட்டை வேலை செய்யவில்லை என்றால் தஞ்சாவூருக்குத் தூக்கிப் போக வேண்டும். தப்பின் தோல் தளர்ந்தால் நாலு வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் போதும்.

போன வருஷம் பக்கத்துப் பங்கு ஒன்றில் தேர்த் திருவிழா. தேருக்கு முன்னால் தப்பு செட். எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள், சாவுக்குப் போகாமல் கலைக்குழுவாக நடத்துகிறவர்கள், காலில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டே அடித்தார்கள். தேர் வந்து நின்றது. செட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே பூசை தொடங்கியது. பீடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டும் எலக்ட்ரானிக் பேடும். காணிக்கைப் பாட்டு வந்ததும் பேடு வாசித்தவன் டோனை மாற்றினான். தப்புச் சத்தம்! அச்சு அசலான தப்பு, தோல் காய்ந்த கிண்ணென்ற சத்தம். எங்கோ ஒரு ஸ்டூடியோவில் யாரோ ஒரு கலைஞன் அடித்ததைப் பிடித்து, துண்டாக்கி, பேடுக்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவன் பெயர் பேடுக்குத் தெரியாது. சாமியாரும் தாளம் போட்டார், மேலத்தெருக்காரர்களும் தலையாட்டினார்கள். வெளியே செட்டுக்காரர்கள் தப்பைத் தரையில் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ பேப்பர் கப்பில்தான் வந்தது. மேலத்தெருக்காரர்களும் பேப்பர் கப்பில்தான் குடித்தார்கள் என்பதையும் பார்த்து வைத்தேன்.

இங்கேதான் கீபோர்டு பற்றிய என் கேள்வி ஒழுக்கக் கேள்வியாகிறது. சத்தத்துக்குத் தீட்டில்லை என்று அந்தக் கோயில் ஒப்புக்கொண்டுவிட்டது. தோலுக்குத்தான் தீட்டு, அந்தத் தோலைத் தொட்ட கைக்குத்தான் தீட்டு. முன்பு பறையனும் வேண்டாம் பறையும் வேண்டாம் என்றார்கள். இப்போது பறை வேண்டும், அடிக்கிறவன் வேண்டாம். எங்கள் நெல் வேண்டும், நாங்கள் வேண்டாம் என்ற பண்ணையார் கணக்குத்தான் இது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறை ஆசானுக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை, சந்தோஷம்தான். டெல்லி வரை போன பறை பங்குக் கோயில் கேட்டைத் தாண்டவில்லை.

ஆகவே நான் இரண்டு பேரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. தலித் பிள்ளை பறைதான் அடிக்க வேண்டும் என்கிற தோழரோடு சண்டை, அது பாராட்டு வேஷத்தில் வரும் குலத்தொழில் என்பதால். கீபோர்டு வந்துவிட்டது, இனிச் சாதி பற்றிப் பேச்செதற்கு என்கிற பங்குப் பேரவைக்காரரோடும் சண்டை. தம்பி பெரிய பங்கிலும் இப்போது வாசிக்கிறான். அவர்களிடம் வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை, அதனால் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து பீடத்துக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். கீபோர்டு செய்த அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவன் உட்கார்ந்தது ஆளாகவா, கருவியின் பாகமாகவா என்பது தெரிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தப்போடு போக வேண்டும்.

அதை அவனிடமே சொன்னேன். "எனக்கு அடிக்கத் தெரியாதுண்ணே" என்றான். உண்மை. சித்தப்பா அவனுக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரக் கூடாது என்றே இருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்தேன். கோயிலுக்குள்ள அடிக்கக் கூப்பிட்டா போவீங்களா சித்தப்பா? வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கூப்புடட்டும். எங்க உக்காரச் சொல்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு முன் எங்கள் கிளையிலிருந்து பங்குப் பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கீபோர்டுக்காரனுக்கும் தப்பு செட்டுக்காரருக்கும் ஆள் கணக்கில் ஒரே சம்பளம். தேர் நின்ற பிறகு செட்டுக்காரர்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும், சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியில். பேடில் தப்பு டோன் போடுவதாக இருந்தால் அதற்குப் பக்கத்தில் தப்படிக்கிறவர் ஒருவரும் நிற்க வேண்டும், அடிப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். சம்பளத்துக்குச் சரி என்றுவிட்டார்கள். பந்தி பற்றி, முன்பே அப்படித்தானே நடக்கிறது என்றார்கள், நடக்கவில்லை. மூன்றாவதைப் பற்றி மறை மாவட்டத்தில் கேட்டுச் சொல்வதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார். தம்பி பரண்மேல் கிடந்த தப்பை இறக்கி, தோல் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். சித்தப்பா தடுக்கவில்லை.